நடுமணல் நாட்டின் பொருளாளர்

யானைக்கல் பாலத்தை ஒட்டி, மேற்கே,
ஆறு பல மாதமாக வராத இடத்தில்
துளசிராம் செருப்படி வைத்து அளந்தார்.
நீளம் நூற்றுப்பத்து, அகலம் அறுபது.
மேற்கே கருவேலம், வடக்கிலும் தெற்கிலும் சாக்கடை,
கிழக்கெல்லை பாலத்து நிழல், அது காலையில் உள்ளே வரும்.
வடகரை ஒரு வார்டு, தென்கரை ஒரு வார்டு,
இடையில் கிடந்ததற்குப் பட்டா இல்லை, பாத்தியதை இல்லை.
நடுமணல் என்று பேர் வைத்துவிட்டு
ஆளுக்கொரு பருத்திப்பால் குடித்தோம்.

நாடு என்று வந்துவிட்டால் கட்சி இல்லாமல் எப்படி?
சும்மாவிடு கட்சி.
சின்னம், கட்டாத கயிறு.
பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கம் கொள்கை எழுதினார்:
யாரும் யாரையும் எதற்கும் வற்புறுத்தக் கூடாது.
'கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?' என்றான் மொக்கச்சாமி.
கட்சி தொடங்கிப் பதினோரு நிமிடத்தில் முதல் பிளவு.
மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தான்,
தனியாகப் போய் உட்காரச் சாக்கடைதான் இருந்தது.

அவனுக்கு ஷேர் ஆட்டோ. வாரத்துக்கு இரண்டு அபராதம்,
ஒன்றுக்குத்தான் ரசீது.
துளசிராமுக்குச் சாயப்பட்டறை இருந்தது,
இப்போது சீல் வைத்த கதவின் சாவி இருக்கிறது.
எனக்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை.
பத்தொன்பது வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில்
அடுத்தவர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிக் கை வலித்தது.
அதனால் பொருளாளர் ஆக்கினார்கள்.
வரி இல்லாத நாடு, சந்தா இல்லாத கட்சி,
ஆனாலும் ஒரு நோட்டு வாங்கித் தினமும்
வரவு இல்லை, செலவு இல்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அந்த வேலை மட்டும் திருத்தமாக நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை துளசிராம் நிலக்கொள்கை பேசினார்.
சும்மா கிடக்கும் மண்ணில்
எவர் வியர்வை முதலில் விழுகிறதோ அவருக்கே அது,
ராஜாவுக்கும் பங்கில்லை, கலெக்டருக்கும் பங்கில்லை.
கைதட்டினோம். ஓர் எருமையும் தலையாட்டியது.
அப்போதுதான் ஈர மூட்டையோடு இறங்கி வந்தாள் ஒச்சம்மாள்.
டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, நாற்பத்திரண்டு.
'அங்கிட்டு நவுருங்க, காயப்போடணும்.'
அவள் இங்கே முளையடித்து இருபத்தாறு வருஷமாம்.
மொக்கச்சாமி துளசிராமைப் பார்த்தான்.
துளசிராம் என்னைப் பார்த்தார்.
நான் முளைகளை எண்ணினேன். எட்டு.
நாடு மொத்தமும் அதற்குள் அடங்கியது.

'கட்சியில சேர்றீங்களாம்மா?' என்று கேட்டுப் பார்த்தார்.
'சேந்தா விரிப்பு சீக்கிரம் காயுமா?'

நகர்ந்தோம்.
வற்புறுத்தல் என்று அதைச் சொல்ல முடியாது.

ஐப்பசியில் அணை திறப்பதாக
மைக் கட்டிய ஆட்டோ கரையோரம் சொல்லிக்கொண்டே போனது.
அரசாங்க அறிவிப்பு நம் எல்லைக்குள் செல்லாது என்றார் துளசிராம்.
விடிகாலையில் வந்தது,
யாருடைய உத்தரவுக்கோ ராமநாதபுரம் போகிற தண்ணீர்.
முதலில் நுரை, அப்புறம் காலி பாட்டில்கள், அப்புறம் ஆறு.
யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.
மொக்கச்சாமி கொடிக்கயிற்றை அறுத்தான்
(எங்கள் சின்னத்தை அன்றுதான் நேரில் பார்த்தோம்),
துளசிராம் விரிப்புகளைத் தலைமேல் அள்ளிக்கொண்டு ஓடினார்,
நான் முளை பிடுங்கினேன். ஏழு கிடைத்தது.

பாலத்தின் மேல் புதுத்தண்ணீர் பார்க்கும் கூட்டம்.
ஒச்சம்மாள் கைப்பிடிச் சுவர் நெடுக விரித்துக்கொண்டே போனாள்.
போலீஸ்காரர் வாய் திறக்குமுன்
'சும்மா விடுங்க சார்' என்றோம் மூன்று பேரும்.
கட்சியின் ஒரே பொதுக்கூட்டம் அதுதான்.

பூக்கூடைக்காரி ஒருத்தி ஆற்றைக் கும்பிட்டு
ஒரு ரூபாய் சுண்டி எறிந்தாள்.
ஒரு பையன் இரண்டு.
நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ ஐந்து.
சரியாக நடுமணல் மேலேதான் விழுந்தன,
நான்கெல்லையும் எழுதியவனுக்குத் தெரியாதா.
ஈர நோட்டைப் பிரித்து
வரவு எட்டு ரூபாய் என்று எழுதினேன். யாரும் கேட்டு வாங்கியதில்லை.
அதற்குக் கீழே, செலவு:
முளை ஒன்று.